சின்னக்கரட்டுப்பட்டிக்குப் பச்சைப் புள்ளி

சின்னக்கரட்டுப்பட்டியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்ற செய்தியை ஜக்கம்மாள் முதன்முதலில் தெரிந்துகொண்டது திண்டுக்கல்லில்தான். ஊரில் இருந்தவரை அது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.

பழனி சாலையில் ஒரு மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் மாவட்ட நீர்த் தரவு ஒருங்கிணைப்பு ஆணையகம் இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது என்பதால் ஆணையகம் என்றே எல்லோரும் சொல்வார்கள். அதன் முன்கூடத்தில் சுவரின் அகலத்துக்கு ஒரு திரை. திரையில் மாவட்ட வரைபடம். ஊராட்சிக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் தண்ணீர் நிறைவு, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் இல்லை. ஜக்கம்மாள் வந்த அந்தத் திங்கட்கிழமை திரையில் சிவப்பு என்று ஒன்றுகூட இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் முழுக்கப் பச்சை. அந்த வழியாக பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பச்சையாக இருப்பது சீமைக்கருவேலம் மட்டும்தான்.

"இந்தா இருக்குல்லக்கா, இதான் உங்க ஊரு" என்று குச்சியால் தொட்டுக் காட்டினாள் பாஸிலா. அவள் ஆணையகத்தில் ஒப்பந்தத் தரவு உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஜக்கம்மாள் கிட்டப்போய் உற்றுப் பார்த்தாள். "இது எங்க ஊரு இல்ல தாயி. வேற சின்னக்கரட்டுப்பட்டியா இருக்கும்."

"மாவட்டத்துலயே ஒண்ணுதான்க்கா இருக்கு."

"அப்ப நாங்க இருக்கிறது எந்த ஊரு?"

இதற்குப் பதில் சொல்வது பாஸிலாவின் பணிவிவரத்தில் இல்லை. அவள் மனுவை வாங்கிப் படித்தாள். தை மாதத்தோடு தண்ணீர் லாரி நின்றுவிட்டது. மேல்நிலைத் தொட்டியில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. பெண்கள் நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில், வாட்ச்மேன் வேறு பக்கம் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் பிடித்து வருகிறார்கள். வாட்ச்மேன் எப்போது வேறு பக்கம் பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாததால் நாள் முழுக்கக் குடத்தோடு ஆள் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

"கூலிக்குப் போனாத்தான் எனக்குச் சோறு. அதான் எங்க கீர்த்தனாவ நிப்பாட்டியிருக்கேன். பத்தாவது படிக்குது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போயி எம்புட்டோ நாளாச்சு. டீச்சரு, பேர எடுத்துருவேன்னு சொல்லிவிட்டுருக்கு" என்றாள் ஜக்கம்மாள். "லாரி மட்டும் வந்துட்டா பிள்ளை போயிரும் தாயி. வேற ஒண்ணும் கேக்கல."

பாஸிலா மனுவைக் கணினியில் ஏற்றினாள். கணினி அதைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பச்சைப் புள்ளி ஊருக்கு லாரி கிடையாது என்பது விதி. ஜக்கம்மாள் பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் அவள் கைபேசிக்குத் தகவல் வந்துவிட்டது: தங்கள் குறை தீர்க்கப்பட்டது, நன்றி. அவள் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லி, லாரி முன்னாலேயே போயிருக்கும் என்று நினைத்து அவசரமாக பஸ் ஏறினாள்.

அடுத்த திங்கட்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும். ஒவ்வொரு முறையும் குறை தீர்ந்தது. குறைதீர்ப்பில் சின்னக்கரட்டுப்பட்டி மாவட்டத்திலேயே முன்னணிக்கு வந்தது.

பாஸிலாவுக்கு வீடு பேகம்பூரில். அத்தா நைனா முகமது தோல் மண்டியில் வேலை பார்க்கிறார். மகளின் வேலை ஒப்பந்த வேலைதான் என்றாலும், கழுத்தில் மாட்டும் அட்டையில் முத்திரை இருந்த காரணத்தால், கவர்மென்ட் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இனி அந்த வேலை போனால் பாஸிலா மட்டுமல்ல, அத்தாவும் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவளை உறுத்தியது ஒரு சொல். திரையில் ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் எங்கெங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டியிருக்கும். ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, கூட்டுக் குடிநீர், நான்காவதாக டாப்பிங்ஸ். அது என்ன வகைத் தண்ணீர் என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். தொட்டியின் விளிம்புவரை நிரப்புவது என்றார் ஒருவர். அதற்குத் தனி அரசாணையே உண்டு என்றார் இன்னொருவர். கடைசியில் திரையின் அமைப்புக்குள் போய், கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். தரவுத்தளம் எதிலிருந்தும் வரவில்லை. ஒற்றைக் கோப்பிலிருந்து வந்தது. கோப்பின் பெயர், ஐஸ்கிரீம் மாதிரி.

பகுப்பாய்வுக் கருவியை விற்ற சென்னை நிறுவனத்தின் ஆள் ஃபாரிஸ். அவனுக்கு போன் போட்டாள்.

"ஓ, அதுவா சிஸ்டர்? அது டெமோ டேட்டா" என்றான் அவன், ரொம்பச் சாதாரணமாக. "திறப்பு விழா அன்னைக்கு உங்க டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கல. நல்ல நேரம் முடியப் போகுது. பெரியவர் வந்து ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. வெறும் திரையை எப்படித் திறக்குறது? எங்க டூலோட சும்மா வர்ற ஃபைல் ஒண்ணு இருந்துச்சு. ஏதோ ஒரு நாட்டுல, கடற்கரையோரம் இருக்குற ஐஸ்கிரீம் கடைங்களோட வியாபாரக் கணக்கு. கடைப் பேரை எடுத்துட்டு ஊர்ப் பேர் போட்டோம். அவ்வளவுதான்."

"வெனிலா?"

"ஆழ்துளைக் கிணறு."

"ஸ்ட்ராபெரி?"

"கூட்டுக் குடிநீர்."

"டாப்பிங்ஸ்?"

"அது ஐஸ்கிரீம் மேல தூவுறது. மாத்த மறந்துட்டோம் போல. மறுநாளே நிஜ டேட்டா போட்டுடலாம்னுதான் இருந்தோம் சிஸ்டர். ஆனா பெரியவர் கையால திறந்து வெச்சதை யாரும் தொடக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல ஆர்டர் போட்டுட்டாங்க."

அந்தக் கோப்பில் சின்னக்கரட்டுப்பட்டிக்கு நேராக அமைந்தது கடலைப் பார்த்த ஐஸ்கிரீம் கடை. நல்ல வியாபாரம். வெயில் காலத்தில் வாசலில் வரிசை நிற்கும் போலிருக்கிறது.

பாஸிலா நேரே இயக்குநர் அழகுராஜாவின் அறைக்குப் போனாள். மெதுவாகப் பேசுபவர், நல்ல மனிதர் என்று பெயர். அவள் சொன்னதைக் கேட்டு அவர் பதறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திறந்து வெச்சது யாரு?"

சொன்னாள்.

"அம்புட்டுப் பெரிய மனுசரு, ஐஸ்கிரீம் கடைக் கணக்கையா வந்து திறந்து வெச்சாருங்கிற?"

"அவருக்குத் தெரியாம..."

"அவருக்குத் தெரியாதுங்கிற."

பாஸிலா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"இங்க பாரும்மா. மத்த மாவட்டத்துல எல்லாம் வெயில் ஏற ஏறத் தண்ணி குறையுது. நம்ம மாவட்டத்துல மட்டும்தான் ஏப்ரல், மே வந்தா கூடுது. ஞாயித்துக்கிழமை இன்னும் கூடுது. எப்படின்னு டெல்லியில இருந்து கேக்குறாங்க. நான் கட்டுரை எழுதியிருக்கேன். ‘கோடைக்கால மிகைநீர்: ஒரு நிர்வாகச் சாதனை’. அதைப் படிச்சிட்டு ஒரு பேராசிரியர் போன் பண்ணாரு. வெயிலுக்குப் பூமிக்கடியில பாறை விரிஞ்சு தண்ணிய மேல தள்ளுதுன்னு அவரே காரணமும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. இப்ப வந்து ஐஸ்கிரீம்னு சொன்னா அந்தப் பாறைக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"ஆனா சார், சின்னக்கரட்டுப்பட்டிக்கு லாரியை நிறுத்திட்டாங்க. ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாம குடத்தோட நிக்குது சார்."

"அப்ப எழுதிக் குடு. நிஜ டேட்டாவோட இணைப்பு வேணும்னு முறைப்படி எழுதிக் குடு. நான் என்னைக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனால், ஒன்றும் நடக்காததற்கு யாரையும் குறை சொல்லவும் முடிந்ததில்லை.

நிஜமான கணக்கு அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தது. ஊராட்சிகளில் மோட்டார் போடுகிறவர்கள் தினமும் காலையில், தண்ணீர் வந்ததா, எவ்வளவு வந்தது என்று கைபேசியில் அனுப்புகிறார்கள். பொய் சொல்லும்படி யாரும் உத்தரவு போடாததால் உண்மையையே அனுப்புகிறார்கள். அது கீழ்த்தளத்துச் சர்வரில், தரவுத்தளத்தில், ஊர் ஓர் அட்டவணையாக, நாள்கணக்கு ஓர் அட்டவணையாக ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேல்தளத்தில் பகுப்பாய்வுக் கருவி. கீழே இருப்பதை மேலே காட்ட, சர்வரின் முகவரி, போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கட்டங்களில் தட்டிவிட்டு ‘இணை’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நடுவே இருப்பது ஒரு மாடிப்படிதான் என்று பாஸிலா நினைத்தாள். சின்னப் பெண்.

சர்வர் அறைக் கதவில் நம் திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கியது. ஆணையகத்தில் எதற்காக வாங்கினார்களோ அந்த வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சடையாண்டி, தரவுத்தளப் பிரிவின் கண்காணிப்பாளர்.

"வாசிப்பு உரிமை மட்டும் போதும் சார்" என்றாள் பாஸிலா. "எதையும் மாத்த மாட்டேன், அழிக்க மாட்டேன். படிக்கிறதுக்கு மட்டும்தான்."

"அதாம்மா சிக்கலே. மாத்தணும்னு வந்திருந்தா, மாத்திட்டுப் போன்னு விட்டுருப்பேன். படிச்சா எல்லாம் தெரிஞ்சு போகுமா இல்லையா?"

"தெரிஞ்சுக்கத்தானே சார் சேத்து வைக்கிறோம்?"

"யாரு சொன்னா?" சடையாண்டிக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. "சேத்து வைக்கிறதுக்காகச் சேத்து வைக்கிறோம். நான் இங்க வந்த நாள்லருந்து உள்ள போனது ஒண்ணாச்சும் வெளிய வந்துச்சுன்னு யாராவது ஒரு புகார் சொல்லட்டும். இந்தச் சேரை விட்டு அப்பவே எந்திரிச்சிர்றேன்."

தரவு வெளியே போகும் வழியான போர்ட்டைத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைச் சடையாண்டி பாதுகாப்புக் குழுவுக்குத் தள்ளிவிட்டார். குழு கூடியது. திறப்பதில் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆணையகத்தில் திறக்கப்படும் எதுவும் மாலையில் மூடப்பட்டாக வேண்டும் என்பது நடைமுறை. மூடுகிற பொறுப்பு யாருக்கு? இரவுக் காவலரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கதவு, ஜன்னல், கேட் வரைக்கும்தான் தன் பொறுப்பு என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். புதிய பணியிடம் ஒன்றை உருவாக்கக் கேட்டு மேலே கடிதம் போனது. கடிதம் போனதைப் பாராட்டிக் குழு கலைந்தது.

இடையில் இரண்டு திங்கட்கிழமைகள் ஓடின. ஜக்கம்மாள் வந்து, "கம்பி சேத்துட்டீங்களா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாஸிலா சொன்னதை வைத்து, தனக்குத் தெரிந்த அளவில் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தாள். சொல்லப் போனால் இயக்குநரைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தாள். "பிள்ளைக்குப் புஸ்தகம் எல்லாம் தூசி படிஞ்சு கெடக்கு" என்றாள் போகிற போக்கில்.

அடுத்தது கடவுச்சொல். அதை அமைத்த அதிகாரி ஓய்வுபெற்று, பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாஸிலா பஸ் பிடித்துப் போனாள். அவர் அவளை உட்கார வைத்து, டீ வரவழைத்து, அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தார்.

"ஏனுங்க பாப்பா, எனக்குச் சொல்ல ஆசைதானுங்க" என்றார். "ஆனா வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. ரிட்டயர் ஆனப்போ, இனிமேல் சொல்லலாம்னு யாரும் எழுதிக் குடுக்கலீங்க. எங்க ஊட்டுல இருக்கறவங்களுக்கே தெரியாதுங்க. தூக்கத்துல உளறிப்போடுவனோன்னு இன்னைக்கு வரைக்கும் தனி ரூம்புலதான் படுக்கறனுங்க."

அந்த ஒரு சொல்லுக்காகக் குடும்பத்தையே தள்ளி வைத்துவிட்ட மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ஒரு விருது. சிறந்த தரவு நிர்வாகத்துக்கான தேசிய விருதுக்கு விண்ணப்பிக்க அழகுராஜா உட்கார்ந்தபோது, பாதியில் ஒரு கேள்வி வந்து மறித்தது. பகுப்பாய்வுக் கருவி தரவுத்தளத்துடன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளதா? ஆம் அல்லது இல்லை.

மாதக் கணக்கில் நகராத மலை அன்று மதியமே நகர்ந்தது. போர்ட்டை மூடும் பொறுப்பைக் காவலர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். சடையாண்டி வாசிப்பு உரிமைக்குக் கையெழுத்துப் போட்டார், பென்சிலில். பழனிக்கு ஜீப் போய், லாட்ஜ் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. கடவுச்சொல்லைச் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நானே அடித்துத் தருகிறேன் என்றார் அவர். இரண்டு அலுவலக உதவியாளர்கள் வேட்டியை விரித்துப் பிடித்து மறைக்க, உள்ளே குனிந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இணைப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். சர்வருக்குச் சந்தனப் பொட்டு. அதன் அடியில் எலுமிச்சம்பழம். மேல்தளத்துக்குப் போகும் கேபிளில் நிலக்கோட்டை மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். பாஸிலா ஜக்கம்மாளை வரச் சொல்லியிருந்தாள். பாஸிலாவுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன், நம்மால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகப் போகிறது என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கீழே உண்மை இருக்கிறது. மேலே அறிவு இருக்கிறது. இரண்டும் இத்தனை காலம் சந்திக்காமல் பார்த்துக்கொண்டது நம் ஆணையகத்தின் கட்டுப்பாடு. இன்று அவை சந்திக்க அனுமதி வழங்குவது நம் ஆணையகத்தின் பெருந்தன்மை" என்று அழகுராஜா பேசினார். கைதட்டினார்கள். பாஸிலா பொத்தானை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு வேடசந்தூர்ப் பக்கம் சிவந்தது. அங்கிருந்து வடக்கே, மேற்கே என்று சிவந்துகொண்டே போனது. நத்தம் பக்கம் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாம் சிவப்பு.

பின்வரிசையிலிருந்து ஜக்கம்மாள் சத்தம் போட்டாள். "இந்தா! இதான் எங்க ஊரு! இப்பத்தான் சரியா இருக்கு!"

அந்தக் கூட்டத்தில் மகிழ்ச்சியாக இருந்தது அவள் ஒருத்திதான். அழகுராஜா பாஸிலாவின் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பண்ணின?" என்றார்.

"இணைச்சேன் சார்."

"செத்த நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் தண்ணி இருந்துச்சுல்ல?"

"இல்ல சார். இதுதான் நிஜம். அது ஐஸ்..."

"நீ அழுத்துறதுக்கு முன்னாடி இருந்துச்சு. நீ அழுத்தின பிறகு இல்ல. இம்புட்டுப் பேரு பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"நான் அன்னைக்கே சொன்னேன், படிக்க வேணாம்னு" என்றார் சடையாண்டி, யாரையும் பார்க்காமல்.

உடனே துண்டிக்க உத்தரவானது. பழைய கோப்பை ஃபாரிஸ் சென்னையில் இருந்தபடியே திரும்ப ஏற்றினான். ஒவ்வொரு புள்ளியாகப் பச்சை திரும்பியது. கூடமே எழுந்து நின்று கை தட்டியது. லாட்ஜ் பெரியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆணையகத்தின் வரலாற்றில் ஒரு தண்ணீர்ப் பஞ்சம் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது அதுதான் முதல் தடவை. ஜக்கம்மாள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் ஊர் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

விண்ணப்பத்தில் அழகுராஜா ‘ஆம்’ என்று குறித்தார். இணைக்கப்பட்டது உண்மைதானே. எவ்வளவு நேரம் என்று கேள்வியில் கேட்கவில்லை.

பாஸிலாவுக்குக் குறிப்பாணை வந்தது. நன்கு இயங்கிவந்த குடிநீர் வழங்கலை, ஒற்றைப் பொத்தானை அழுத்தியதன் மூலம் மாவட்டத்தின் பெரும்பகுதியில் இல்லாமல் ஆக்கியது ஏன் என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது. வீட்டில் காட்டினாள். அத்தா இரண்டு தடவை படித்தார்.

"நீ அழுத்துனதால தண்ணி நின்னு போச்சாம்மா?"

"இல்லத்தா. தண்ணி இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அம்புட்டுத்தான்."

"அப்ப மன்னிப்புக் கேட்டு எழுதிரும்மா. தெரிய வைக்கிறதுதான் பெரிய குத்தம்" என்றார் நைனா முகமது. கோபமாகச் சொல்லவில்லை. தோல் மண்டியில் நாற்பது வயதைத் தாண்டியவருக்கு இதெல்லாம் பழக்கம்.

இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்தாள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று கடைசிவரை அவளுக்குப் புரியவில்லை.

விருது கிடைத்தது. கூடவே, மாவட்டத்தின் முன்மாதிரி நீர்க் கிராமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கும்படி உத்தரவும் வந்தது. திரையிடம் கேட்டார்கள். கடலைப் பார்த்த கடையின் வியாபாரத்தை மாவட்டத்தில் எந்த ஊராலும் எட்ட முடியவில்லை. சின்னக்கரட்டுப்பட்டி தேர்வானது.

விழா மே மாதத்தில். ஊர் மந்தையில் பந்தல் போட்டு, திரையை லாரியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாஸிலாவுக்கு அன்றைய வேலை, மக்களிடம் கருத்துக் கேட்டு டேப்லெட்டில் பதிவு செய்வது. விருந்தினர்களுக்குத் தட்டேந்தி வரவேற்புக் கொடுக்கப் பெண் பிள்ளைகளைக் கேட்டிருந்தார்கள். கீர்த்தனா பள்ளிச் சீருடையில் நின்றாள். அவள் பெயரைப் பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்கள் என்று ஜக்கம்மாள் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். சீருடையைப் போட்டுக்கொள்ள அவளுக்கு அன்று ஒரு காரணம் கிடைத்தது.

விருந்தினர்கள் வருவதற்குச் சற்று முன்பு, வேடசந்தூர் ரோட்டிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று திரும்பி ஊருக்குள் வந்தது.

ஊரே குடத்தோடு ஓடியது. லாரி நிற்கவில்லை. பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, மந்தையிலும் பந்தலைச் சுற்றியும் மெதுவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனது. மாதக் கணக்கில் காய்ந்த புழுதி, விழுந்த தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

"யப்பா, ஒரு குடம்! பிள்ளைகளுக்குக் குடிக்க" என்று ஜக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

லாரி ஓட்டி வந்தவர் பெயர் ஒச்சப்பன். கெட்டவர் இல்லை. வண்டியை நிறுத்தினார். "ஆத்தா, புழுதி அடக்கத்தான் எனக்கு உத்தரவு. இந்த ஊரு பச்சைல இருக்கு. பச்சை ஊர்ல ஒரு குடம் ஊத்துனேன்னு தெரிஞ்சா என் வேலைய எடுத்துருவாக. மீதியையும் காலியாக்கிட்டுத்தான் வரணும்னு வேற சொல்லியிருக்காக" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். மீதித் தண்ணீர் ஊர் எல்லைவரை ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடும் காய்ந்துவிட்டது.

விழா சிறப்பாக நடந்தது. கோடையில் தண்ணீர் பெருகும் இந்த மண்ணில் நிற்கும்போது தன் பாதங்கள் குளிர்வதாக அழகுராஜா பேசினார். அது உண்மைதான். அவர் நின்ற இடத்தில்தான் அதிகம் தெளித்திருந்தார்கள். கேடயத்தை ஊர் சார்பில் ஜக்கம்மாள் வாங்கிக்கொண்டாள். தொடர்ந்து மனுக் கொடுத்து எல்லா மனுவும் தீர்க்கப்பட்ட பயனாளி என்பதால் அவளுக்கு அந்த மரியாதை. கடைசியில் வெயிலுக்கு இதமாக எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். கப்பில், மரக் கரண்டியோடு. வெனிலா.

பாஸிலா டேப்லெட்டோடு ஜக்கம்மாளிடம் வந்தாள். ஜக்கம்மாள் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் கப்பைப் பிடித்திருந்தாள். வெயிலில் அது முழுக்க உருகிப் போயிருந்தது. கீர்த்தனாவைக் கூப்பிட்டுப் பாதி குடிக்கச் சொன்னாள். மீதியைத் தான் குடித்தாள்.

"கருத்துச் சொல்லணுமாம்க்கா" என்றாள் பாஸிலா.

ஜக்கம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"இனிப்பாத்தான் தாயி இருக்கு. தாகம்தான் போகல."

டேப்லெட்டில் அதைப் பதிவு செய்ய இடமில்லை. இரண்டே பொத்தான்கள்தான் இருந்தன. ‘நிறைவு’, ‘மிக நிறைவு’. காலையிலிருந்து எல்லோருக்கும் ‘மிக நிறைவு’ என்றே பாஸிலா அழுத்திக்கொண்டு வந்திருந்தாள். அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது விரல் அங்கே போய், அங்கேயே நின்றது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். வேலை, அத்தா, தெரு எல்லாம் மனதில் வந்து போயின. ‘நிறைவு’ என்பதை அழுத்தினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் மேசையில் இரண்டாவது குறிப்பாணை இருந்தது. ‘மிக நிறைவு’ நிலையில் இருந்த முன்மாதிரிக் கிராமத்தின் குடிநீர், ஒரே நாளில் ‘நிறைவு’ நிலைக்குக் குறைந்தது ஏன் என்று அதில் கேட்டிருந்தார்கள்.